காலி ஓடும் சங்குக் காயும்: சொல் தேடும் செயலியோடு ஆறு மாதம்

"உங்கள் அலமாரியில் உள்ள ஓடுகளை இடவும். காலி ஓட்டுக்குக் கேள்விக்குறி இடவும்."

செயலியைத் திறந்ததும் திரையில் வந்த முதல் இரண்டு வரிகள் இவை. கொத்தனார்களுக்கான எதையோ தவறுதலாக இறக்கிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மழைக்கு முன்னால் பின்கட்டு ஓட்டை மாற்ற வேண்டும் என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்ததைக் கைபேசி ஒட்டுக்கேட்டுவிட்டதோ என்றுகூடச் சந்தேகம் வந்தது. கோடை விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி அதை வாங்கிப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "தாத்தா, ஓடு என்றால் ஸ்கிராபிள் காய். அலமாரி என்றால் நாம் காயை நிறுத்தி வைப்போமே, அந்தக் கட்டை." தமிழில் வேண்டுமா என்று செயலி கேட்டபோது ஆமாம் என்று சொன்னது என் பிழை. அன்றைக்கே ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டேன். நீங்களும் முதல் வேலையாக அதைச் செய்துவிடுங்கள்.

ஸ்கிராபிள், எழுத்துக் காய்களைப் பலகையில் கோத்து ஆங்கிலச் சொல் செய்து புள்ளி சேர்க்கும் ஆட்டம். அதற்கு உதவும் இந்தச் செயலியின் வேலை எளியது. கையில் இருக்கும் ஆங்கில எழுத்துகளைக் கொடுத்தால், அவற்றைக் கொண்டு ஆகும் சொற்களை வரிசையாகக் கொட்டும். அதன் பெயரை நான் சொல்லப் போவதில்லை. குறைகள் நிறைய வரப் போகின்றன. எந்த ஊரில் எந்தப் பிள்ளை உட்கார்ந்து செய்ததோ, இலவசமாகக் கொடுத்த பாவத்துக்கு என்னிடம் திட்டு வாங்க வேண்டாம். தவிர, இதே வேலைக்கு டஜன் கணக்கில் செயலிகள் கிடக்கின்றன. நான் போட்டுப் பார்த்த சோதனைகளை உங்கள் கையில் இருப்பதில் போட்டுப் பாருங்கள், அதன் யோக்கியதை தெரிந்துவிடும்.

குறைகள் எனக்கு ஏன் இவ்வளவு உறுத்தின என்பதற்கு என் பழைய வேலையைச் சொல்ல வேண்டும். நான் தந்திக்காரன். 1978-இல் சேர்ந்து ராமநாதபுரத்திலும் ராமேஸ்வரத்திலுமாகப் பாதி ஆயுளைக் கழித்தவன். 2013 ஜூலை 14 இரவோடு நாட்டில் தந்தி சேவை முடிந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே, புள்ளியும் கோடுமாகத் தந்தி தட்டும் மோர்ஸ் கட்டை ஓய்ந்திருந்தது. என் விரல் இன்னும் ஓயவில்லை. எழுத்து எனக்குக் கண்ணுக்கு முன்னால் காதுக்குத்தான் வரும். ஈ என்றால் ஒரு புள்ளி. டி என்றால் ஒரு கோடு. எந்த டி என்று கேட்பீர்கள், திருச்சி டி. டெல்லி டி என்றால் ஒரு கோடும் இரண்டு புள்ளியும். தொலைபேசியில் பெயரை எழுத்துக் கூட்டும்போது இப்படி ஊர் சேர்த்துத்தான் சொல்வோம். பாம்பே பி, பாம்பன் பி. தமிழில் எழுதினால் இந்த நான்கு எழுத்தும் இரண்டாகச் சுருங்கிவிடுகின்றன. அதனால் இங்கேயும் அவ்வப்போது ஊரைத் துணைக்குக் கூப்பிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி வரும் எழுத்துக்குச் சுருக்கமான ஒலி, அபூர்வமாக வருவதற்கு நீளமான ஒலி என்பது மோர்ஸ் கணக்கு. ஈக்கு ஒரே புள்ளி. கியூவுக்குக் கோடு கோடு புள்ளி கோடு. இதற்காக மோர்ஸின் கூட்டாளி ஆல்ஃப்ரட் வெய்ல் ஓர் அச்சகத்துக்குப் போய், எந்த எழுத்துக்கு எத்தனை ஈய அச்சு வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். ஏறக்குறைய நூறு வருடம் கழித்து அதே வேலையை இன்னோர் ஆல்ஃப்ரட் செய்தார். ஆல்ஃப்ரட் பட்ஸ், வேலை போன கட்டடக் கலைஞர். 1930-களின் பஞ்சகாலத்தில் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தை விரித்து வைத்து எழுத்து எழுத்தாக எண்ணி, அந்தக் கணக்கில் காய்களை வெட்டினார். பின்னால் 1948-இல் அதற்கு ஸ்கிராபிள் என்று பெயர் வந்தது. மொத்தம் 100 காய். அதில் 2 காலிக் காய், எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளலாம். ஈ மட்டும் 12. கியூவும் இசட்டும் ஒவ்வொன்று, தலைக்கு 10 புள்ளி. எஸ் மட்டும் நாலே நாலு. தாராளமாகக் கொடுத்தால் ஆளாளுக்குச் சொல்லின் வாலில் எஸ்ஸை ஒட்டிப் பன்மையாக்கிப் பிழைத்துக்கொள்வார்கள் என்று பட்ஸ் கையை இறுக்கிவிட்டார். கெட்டிக்காரர்.

செயலி செய்கிற வேலையை நான் கையால் செய்திருக்கிறேன். இரவுப் பணியில் ஒரு மணிக்கு மேல் சாவுத் தந்தியைத் தவிர வேறொன்றும் வராது. விழித்திருப்பதற்காக, வீணான தந்திப் படிவங்களின் முதுகில் ஒரு சொல்லை எழுதி, அதன் எழுத்துகளை அகர வரிசையில் அடுக்குவேன். கடல் என்று பொருள்படும் ஓஷனை அடுக்கினால் ஏ, சி, ஈ, என், ஓ. ஓடம் என்று பொருள்படும் கேனூவை அடுக்கினாலும் அதே ஏ, சி, ஈ, என், ஓ. ஆகவே இரண்டையும் ஒரே தலைப்பின் கீழ் எழுதி வைத்துவிடுவேன். கடலைக் கலைத்துப் போட்டால் ஓடம் கிடைக்கிறது என்று கண்ட இரவில் எழுப்பிச் சொல்ல ஆள் இல்லாமல் தவித்தது இன்னும் நினைவிருக்கிறது. தேக்கைக் குறிக்கும் டீக்கைக் கலைத்தால் எடு என்கிற டேக். மேங்கோவைக் கலைத்தால் அமங். பவளமான கோரலைக் கலைத்தால் கிறிஸ்துமஸ் பாட்டான கேரல். இப்படி ஆயிரத்துச் சொச்சம் தலைப்புகள், ஊசி நூலால் தைத்த மூன்று கட்டுகள், பரணில் இருக்கின்றன. செயலிகளும் உள்ளுக்குள் செய்வது இந்த அடுக்கு வேலையைத்தான். நான் ஓர் இரவில் ஐந்து சொல் அடுக்கினேன். அது லட்சத்துக்கு மேல் அடுக்கி வைத்துக்கொண்டு கேட்ட நொடியில் நீட்டுகிறது. பொறாமை இல்லை என்று சொன்னால் பொய்.

என்னோடு ஆடுகிறவர் கீழக்கரையில் இருக்கும் காக்கா. அந்த ஊர் முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். என்னைவிட எட்டு வயது மூத்தவர். கொழும்பில் கல் வியாபாரம் செய்துவிட்டு 1983-இல் ஊருக்குத் திரும்பியபோது கொண்டுவந்த சாமான்களில் எங்கள் ஸ்கிராபிள் பெட்டியும் ஒன்று. சனிக்கிழமைதோறும் உச்சிப்புளியிலிருந்து ராமநாதபுரம், அங்கிருந்து கீழக்கரை என்று இரண்டு பஸ் மாறிப் போகிறேன். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டிய தொதல் ஒரு தட்டில் இருக்கும். ஆட்டம் முடியும்வரை தொடக்கூடாது, காயெல்லாம் பிசுபிசுத்துவிடும் என்பது அவர் வீட்டுச் சட்டம்.

இன்னொரு சட்டமும் உண்டு. சொல்லை வைத்தவர் அதற்குப் பொருள் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் காயைத் திரும்ப எடுத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். தகராறு வந்தால் தீர்ப்பு, முதுகு பிய்ந்த சேம்பர்ஸ் அகராதியிடம்.

அந்தப் பெட்டியில் வி காய் ஒன்று எப்போதோ தொலைந்துவிட்டது. காக்கா சங்கு அறுக்கிற ஒருவரிடம் சொல்லி, கழிவுச் சங்கில் அதே அளவுக்கு ஒரு வில்லை தேய்த்து வாங்கி, மையால் வி என்று எழுதிவிட்டார். பார்க்க அழகு. ஆனால் பைக்குள் கைவிட்டால் மற்றக் காய்கள் மரம், இது மட்டும் வழவழவென்று குளிர்ந்திருக்கும். ஆங்கிலத்தில் வி வருகிற ஈரெழுத்துச் சொல் ஒன்றுகூடக் கிடையாது. எனவே அது தலைவலிக் காய். விரல் பட்டதும் விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிப்போம். இரண்டு பேரும் இதைப் பல வருடம் செய்தோம், இரண்டு பேரும் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.

இந்தப் பெட்டியில் நான் கண்ட பெரிய அடி, காக்கா வைத்த கொரண்டம். பலகையில் ஏற்கெனவே இருந்த மெட்ராஸ் எம்மின் முன்னால் கையிலிருந்த ஏழு காயையும் வரிசையாக இறக்கினார். ஏழையும் ஒரே முறையில் வைத்தால் 50 புள்ளி தனியாக உண்டு. "காக்கா, இது குருந்தம். தமிழ்ச் சொல் செல்லாது" என்றேன். அவர் பதில் சொல்லாமல் சேம்பர்ஸைத் திறந்து விரலை வைத்தார். ஆங்கிலச் சொல்லாகப் போட்டு, தமிழிலிருந்து வந்தது என்று அங்கேயே எழுதியிருந்தது. "தம்பி, மாணிக்கமும் நீலமும் ஒரே தாய்ப் பிள்ளைகள். இரண்டும் குருந்தம்தான். முப்பது வருடம் விற்றிருக்கிறேன், எனக்கே பொருள் சொல்லித் தருகிறாயா?" என்றார். அதன் பிறகு ஒரு மாதம் இரண்டு பேரும் நம் சொற்களாகவே தேடிக்கொண்டிருந்தோம். கட்டுமரமான கேட்டமரன், சுருட்டான செரூட், வெட்டிவேர், மிளகுத்தண்ணீரிலிருந்து வந்த 12 எழுத்து மலிகட்டானி. சங்குக்கு சேங்க் என்று ஒரு சொல் ஆங்கிலத்தில் இருப்பதைக் கண்டபோது காக்கா அந்த வி காயை எடுத்து முத்தம் கொடுத்தார்.

இந்த இரண்டு கிழவர்களுக்கு நடுவில்தான் செயலி வந்து சேர்ந்தது.

மே மாதம், மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் கிடந்தன. பேத்தியையும் கீழக்கரைக்கு அழைத்துப் போனேன். அவள் ஒன்பதாம் வகுப்பு. மூன்று பேர் ஆட்டம். பிள்ளை நன்றாகத்தான் ஆடினாள். கொஞ்சம் அதிகமாகவே நன்றாக. ஒவ்வொரு முறையும் மடியைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்வதைக் கவனித்தேன், சொல்லவில்லை. கடைசியில் கியூவை வைத்தாள். கியூவுக்குப் பக்கத்தில் யு இல்லை. கியூ, ஐ, பாம்பே பி, எல், ஏ. கிப்லா. 16 புள்ளி.

"பொருள் என்ன மகளே?" என்றார் காக்கா.

அவள் திருதிருவென்று விழித்தாள். ஒரு வகைப் பறவை என்று சொல்லிப் பார்த்தாள். பிறகு மடியிலிருந்த கைபேசியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, "காக்கா தாத்தா, இதில் வந்தது. பொருள் இதில் போடவில்லை" என்றாள். காக்கா கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்து, வாசலுக்கு எதிரே மேற்குச் சுவரைக் கையால் காட்டினார். "தொழும்போது நாங்கள் முகம் திருப்பும் திசை. இந்தத் தெருவில் நடை பழகுகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். உன் பெட்டிக்குத் தெரியவில்லையா?" 16 புள்ளியையும் அவள் கணக்கிலேயே எழுதச் சொல்லிவிட்டார். சட்டத்தை வகுத்தவர் அவர், உடைப்பவரும் அவர்.

அப்புறம்தான் கைபேசியை நடுவில் வைத்துக்கொண்டு மூன்று பேருமாகக் கியூவைத் துருவினோம். யு ஒட்டாத கியூ சொற்களை வரிசையாக இறக்கியது. ஃபகீர், நிகாப், புர்கா, தலாக், வக்ஃப், காதி. காக்காவுக்கு ஒரே குஷி. அரபியில் க ஒலிக்கு நெருக்கமாக இரண்டு எழுத்து உண்டு; ஒன்று நம் க போல, மற்றது தொண்டையின் அடியில் பிறப்பது. அந்த இரண்டாவதை ஆங்கில எழுத்தில் எழுதும்போது கியூவைப் போட்டார்கள், அதற்குப் பின்னால் யு தேவைப்படவில்லை. காக்கா தொண்டையிலிருந்து அந்த ஒலியை எழுப்பிக் காட்ட, பேத்தி முயன்று இருமினாள். யு கிடைக்காமல் எத்தனை ஆட்டத்தில் 10 புள்ளிக் கியூவைக் கையில் வைத்துக்கொண்டு செத்திருக்கிறோம்! அத்தனை நாளும் வழி காக்கா வீட்டு மேற்குச் சுவரில் இருந்திருக்கிறது. இந்த ஒரு மாலைக்காகவே செயலிக்கு நான் இரண்டு நட்சத்திரம் கொடுக்கிறேன்.

இனி குறைகள்.

எழுத்துகளைக் கொடுத்துச் சொல் கேட்பது ஒரு கேள்வி போலத் தோன்றும். உண்மையில் மூன்று கேள்வி. கொடுத்த எழுத்து அத்தனையும், கூடாமல் குறையாமல், இடம் மாறி வரும் சொல் எது என்பது ஒன்று. கொடுத்ததில் சிலவற்றை மட்டும் எடுத்து என்னென்ன சின்னச் சொற்கள் செய்யலாம் என்பது இரண்டு. ஸ்கிராபிளுக்கு வேண்டியது இதுதான். கொடுத்தவை எல்லாம் உள்ளே இருந்து, மேற்கொண்டு வேறு எழுத்துகளும் உள்ள பெரிய சொற்கள் எவை என்பது மூன்று. சின்னச் சூடை மீன் வலைக்குக் கண் வேறு, பெரிய திருக்கை மீன் வலைக்குக் கண் வேறு. கடலில் இறங்கும் முன்பே பார்த்து எடுத்துக்கொண்டு போவார்கள். இந்தச் செயலியில் மூன்றுக்கும் பொத்தான் இருக்கிறது. ஆனால் எந்தப் பொத்தான் எதற்கு என்பதை அதன் பெயரிலிருந்து கண்டுபிடிக்கவே முடியாது. ஒன்றுக்குத் தீர்வு என்று பெயர், இன்னொன்றுக்குத் தேடல், மூன்றாவதற்கு மேம்பட்ட தேடல். நான் மூன்று நாள் தவறான வலையை வீசிக்கொண்டிருந்தேன்.

முதல் கேள்விக்கு நன்றாகவே பதில் சொல்கிறது. பனையைக் குறிக்கும் பாம்ஸ் என்ற பன்மைச் சொல்லைப் போட்டேன். விளக்குகளான லேம்ப்ஸ் வந்தது, பைபிள் சங்கீதமான சாம் வந்தது. இரண்டும் என் படிவக் கட்டில் இருப்பவைதான். மூன்றாவதாகப் பிளாஸம் என்று ஒன்றும் வந்தது. ரத்தத்தில் உள்ள பிளாஸ்மாவின் இன்னொரு வடிவமாம். பத்தொன்பது வருட இரவுப் பணியில் எனக்குத் தட்டுப்படாத சொல். பரணிலிருந்து கட்டை இறக்கி அந்தத் தலைப்பின் கீழ் அதையும் எழுதிவைத்தேன். அன்றைய தேதியையும் போட்டேன்.

இரண்டாவது கேள்வியிலும் குறை இல்லை. நீளமான சொல் முதலில், குட்டிச் சொற்கள் கடைசியில் என்று வரிசைப்படுத்துகிறது, புள்ளிக் கணக்கும் பக்கத்தில் வருகிறது. காலிக் காய் ஒன்று என்றால் உடனே பதில். இரண்டு என்றால் என் பழைய கைபேசி மூச்சு வாங்குகிறது. குற்றம் சொல்ல மாட்டேன். ஒரு காலிக் காய் 26 எழுத்தில் எதுவாகவும் இருக்கலாம், இரண்டு சேர்ந்தால் 351 விதமான ஜோடி.

மூன்றாவதில்தான் வண்டி கவிழ்ந்தது. கேட்டமரனில் ஏ நான்கு முறை வரும். அதேபோல நான்கு ஏ உள்ள வேறு சொற்கள் எவை என்று பார்க்க ஆசைப்பட்டு, நான்கு ஏயை வரிசையாக அடித்தேன். ஏ என்ற எழுத்து ஒரு தடவை தலைகாட்டிய சொற்களை எல்லாம் ஆயிரக்கணக்கில் கொட்டியது. அதில் என் ஓஷனும் இருந்தது. கோளாறு புரிந்துவிட்டது. இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது, எத்தனை இருக்கிறது என்று எண்ணுவதில்லை. முதல் இரண்டு வகையிலும் சரியாக எண்ணுகிற அதே செயலி மூன்றாவதில் எண்ணாமல் விட்டிருக்கிறது. உங்கள் செயலியைச் சோதிக்க இதைவிட நல்ல வழி இல்லை: ஒரே எழுத்தை இரண்டு மூன்று தடவை அடியுங்கள், வருகிற முதல் பத்துச் சொல்லில் எண்ணிப் பாருங்கள்.

சொற்பட்டியல் பழையது. போட்டி ஆடுகிறவர்கள் வைத்துக்கொள்ளும் காலின்ஸ் பட்டியலில், 2019 பதிப்பின்படி, ஈரெழுத்துச் சொற்கள் 127. இதில் உட்கார்ந்து எண்ணினேன், 124. விடுபட்ட மூன்றில் ஒன்று, உலகமே காலையிலிருந்து இரவுவரை சொல்லிக்கொண்டிருக்கும் ஓகே. ஏஏ இருக்கிறது, அது ஹவாய்த் தீவில் எரிமலைக் குழம்பு கரடுமுரடாக இறுகிப் போனதன் பெயர். கியூவையும் ஐயையும் சேர்த்த சீனச் சொல்லான சீ இருக்கிறது. ஓகே இல்லை. பட்டியல் எது, எந்த வருடத்துப் பதிப்பு என்பதை ஒரு மூலையில் போட்டிருந்தால் இந்த எண்ணிக்கை வேலை எனக்கு மிச்சமாகியிருக்கும்.

பொருள் தராதது எங்கள் வீட்டுச் சட்டப்படி பெருங்குறை. சொல்லைத் தொட்டால் இணையத்துக்கு இழுத்துப் போகிறது. சொற்பட்டியல் கைபேசிக்குள்ளேயே இருப்பதால் சிக்னல் இல்லாமலும் தேடலாம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ராமேஸ்வரம் ரயிலில், புதிய பாம்பன் பாலத்தின் நடுவில், இணையத்தை அணைத்து வைத்துவிட்டுச் சோதித்தேன். எதிரில் இருந்தவர்கள் எல்லாரும் பழைய பாலத்தைப் படம் பிடித்துக்கொண்டிருக்க, ஒரு கிழவன் மட்டும் எழுத்து அடித்துக்கொண்டிருந்ததை விசித்திரமாகப் பார்த்தார்கள். சொல் வந்தது. பொருள் மண்டபம் போய்ச் சேர்ந்த பிறகுதான் வந்தது.

விளம்பரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். மூன்று தேடலுக்கு ஒரு முறை, அரை நிமிடம், நகைக் கடன். விடை இல்லாத கேள்விக்கு இல்லை என்று சொல்லாமல் அப்போதும் ஒரு விளம்பரத்தைப் போடுகிறது. வி வரும் ஈரெழுத்துச் சொல்லைக் கேட்டபோது அதைக் கண்டேன். விளம்பரம் வேண்டாம் என்றால் மாதம் 99 ரூபாய். ஏழு நாள் இலவசம் என்று பேத்தி தட்டிவிட்டு மறந்துபோனாள், எட்டாம் நாள் பணம் போய்விட்டது. கொடுக்காதீர்கள், அந்தக் காசுக்கு இரண்டு பஸ்ஸுக்கும் போக வர டிக்கெட் எடுத்து, மீதியில் தொதல் வாங்கலாம்.

மூன்றாவது கேள்விதான் உங்களுக்கு முக்கியம் என்றால், அதாவது செய்தித்தாளில் ஆங்கிலக் குறுக்கெழுத்துப் போடுகிறவர் என்றால், செயலியே தேவையில்லை. ஒன்லுக் என்ற இணையதளம் இருக்கிறது, 1996-இலிருந்து நடக்கிறது, பல அகராதிகளை ஒருசேரத் தேடுகிறது. தெரியாத ஓர் எழுத்துக்குக் கேள்விக்குறி. எத்தனை எழுத்து என்றே தெரியாத இடத்துக்கு நட்சத்திரக் குறி. இரண்டு சாய்கோடு போட்டு எழுத்துகளை அடித்தால் இடம் மாற்றி அடுக்கிக் கொடுக்கிறது. கடைசியில் கழித்தல் குறி போட்டுச் சில எழுத்துகளை எழுதினால் அவை வரும் சொற்களை ஒதுக்கிவிடுகிறது. நான்கு ஏ வேண்டுமா, நட்சத்திரத்துக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவில் ஏயை நான்கு முறை கோத்தால் போதும். ஏ, ஈ, ஐ, ஓ, யு ஐந்தும் அதே வரிசையில் வரும் சொல்லை இப்படித்தான் பிடித்தேன். ஃபசீஷியஸ் கிடைத்தது, அப்ஸ்டீமியஸ் கிடைத்தது. முதலாவது, எதற்கெடுத்தாலும் கேலி பேசுகிறவர். இரண்டாவது, உண்பதிலும் குடிப்பதிலும் அடக்கம் உள்ளவர். முதலாவது நீ, இரண்டாவது நான் என்றார் காக்கா. தொதல் தட்டைப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்லுக்குக்கு இணையம் வேண்டும், புள்ளிக் கணக்கும் அதில் வராது. ஆகவே ஸ்கிராபிள் ஆடுகிறவருக்கு இந்தச் செயலியை வைத்துக்கொள்ளச் சொல்வேன், ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். மூன்றில் இரண்டு கிப்லாவுக்கு என்பதை நினைவில் வையுங்கள். ஆட்டத்துக்கு நடுவில் மட்டும் திறக்க வேண்டாம். எங்கள் ஏற்பாடு இப்போது இதுதான்: ஆட்டம் தொடங்கும்போது கைபேசி தொதல் தட்டுக்குப் பக்கத்தில் போய்விடும். இரண்டையும் முடிந்த பிறகுதான் தொடலாம். ஆட்டம் முடிந்ததும், தவறவிட்ட சொற்களைப் போட்டுப் பார்த்து நொந்துகொள்வோம். அந்த அரைமணி நேரம் சில சனிக்கிழமைகளில் ஆட்டத்தைவிட நன்றாக இருக்கிறது.

போன வாரம் கடைசிக் காய்வரை நான் 3 புள்ளி முன்னால் இருந்தேன். பையில் ஒன்றுதான் மிச்சம். விரல் பட்டதும் குளிர்ந்தது. விட்டுவிட்டு வேறு எடுக்க வேறு காய் இல்லை. காக்கா தன் கையைக் காலி செய்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். கையில் மிஞ்சிய வி காய்க்காக என் கணக்கில் 4 கழிந்தது, அவர் கணக்கில் 4 ஏறியது. 5 புள்ளியில் தோல்வி.

தொதலைத் தொடுவதற்கு முன்னால் கைபேசியை எடுத்து, வி உள்ள ஈரெழுத்துச் சொல் ஏதாவது இருக்கிறதா என்று இன்னொரு முறை கேட்டுப் பார்த்தேன். நகைக் கடன் விளம்பரம் வந்தது.